34 அடி மோட்டார்ஹோமில் பக்கக் கேமராக்களும் பின்கேமராவும் பொருத்திய கதை

அமெரிக்காவின் இண்டியானாவில் வாங்கிய எங்கள் பழைய மோட்டார்ஹோமில் (படுக்கை, குளியலறையோடு வீடு மாதிரி ஓடும் வண்டி) இப்போது மூன்று கேமராக்கள் ஓடுகின்றன. பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மழையில், இரவில், நெடுஞ்சாலையில் என்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. படம் தெளிவாக வருகிறது, சுவருக்குள் தண்ணீர் இறங்கவில்லை. இதே மாதிரி நீள வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வண்டி 2005 மாடல். ஃபோர்டு எஃப்-53 சேசிஸ் மேல் கட்டியது, வி-10 பெட்ரோல் எஞ்சின். நீளம் 34 அடி, கண்ணாடிகளை விட்டுவிட்டு அகலம் எட்டரை அடி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 228 அங்குலம், அதாவது 19 அடி. பின் சக்கரத்துக்கு அப்பாலும் பதினோரு அடிக்கு மேல் உடம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. பயம் முழுக்க அந்தப் பதினோரு அடியில்தான். ஸ்டீயரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்தால் வால் வலது பக்கம் வெளியே வீசும். எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, ஞாயிற்றுக்கிழமை காலியாக இருந்த ஒரு வாகன நிறுத்தத்தில் வெள்ளைக் கோட்டை ஒட்டி வண்டியை நிறுத்தி, முழு ஒடிப்பில் மெல்ல நகர்த்தினேன். மகன் டேப்பைப் பிடித்து அளந்தான். பின் மூலை கோட்டைத் தாண்டி 31 அங்குலம் போயிருந்தது. பெட்ரோல் நிலையத்தில் பம்புக்குக் காவலாக நிற்கும் இரும்புத் தூணிலிருந்து நாம் நிற்பது சாதாரணமாக இரண்டு அடி தூரத்தில். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதிய கார்களில் பின்கேமரா கட்டாயம். ஆனால் அந்த விதி 10,000 பவுண்டு வரையிலான எடை வகுப்புக்குத்தான். எங்கள் வண்டியின் எடை வகுப்பு 22,000 பவுண்டு. யாருக்குக் கேமரா அதிகம் தேவையோ அவர்களை விதி தொடவில்லை. எங்கள் வண்டியில் தயாரித்தபோதே வைத்த ஒரு கறுப்பு வெள்ளை பின்கேமரா இருந்தது. அதன் திரை மங்கிப்போய், பின்னால் நிற்பது மரமா ஆளா என்று சொல்ல முடியாத நிலைமை. பக்கங்களுக்கு ஒன்றும் கிடையாது.

கடையில் விலை கேட்டேன். மூன்று கேமரா, திரை, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 1,700 டாலருக்கு மேல் சொன்னார்கள். கூலியில் பெரும்பகுதி பின்னாலிருந்து முன்னால் வரை கேபிள் இழுப்பதற்குத்தான். செய்து முடித்தபிறகு சொல்கிறேன், அந்தக் கூலி நியாயமானது. மூன்று கேமராக்களைப் பொருத்திய நேரத்தைவிட அந்த ஒரு கேபிளை இழுத்த நேரம் அதிகம்.

கேபிளே வேண்டாம் என்று நினைத்து முதலில் நண்பர் ஒருவரிடம் இருந்த வயர்லெஸ் செட்டை வாங்கிக் கட்டிப் பார்த்தேன். நிற்கும்போது குறையில்லை. ஓடும்போது நகரத்துக்குள் நுழைந்தால் படம் உறைந்து உறைந்து வந்தது. உறைந்த படத்தில் ஒரு மோசமான குணம் உண்டு. அது உறைந்திருப்பது உடனே தெரியாது. பாதை காலியாக இருப்பதாகக் காட்டும், ஆனால் அது இரண்டு விநாடிக்கு முந்தைய பாதை. சிறிய வண்டிக்கு வயர்லெஸ் போதுமாக இருக்கலாம். 34 அடிக்கு நடுவே அலுமினியச் சட்டமும், குளிர்சாதனப் பெட்டியும், தண்ணீர்த் தொட்டியும் இருக்கிற வண்டியில் நான் அதை நம்பமாட்டேன்.

வாங்கியது 10 அங்குலத் திரையும், ஏஎச்டி (கேபிள் வழியே அனலாக் முறையில் தெளிவான படம் அனுப்பும்) வகை 1080 கேமராக்கள் நான்கும் கொண்ட ஒரு செட், 289 டாலர். நான்காவது கேமராவை இப்போதைக்கு மாட்டவில்லை. கேமரா ஒரு இடத்திலும் திரை வேறு இடத்திலுமாக வாங்காதீர்கள். ஏஎச்டியிலேயே 720, 1080 என்று வகைகள் உண்டு, ஒத்துப்போகாவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். இன்னொன்றையும் வாங்கும் முன் பார்த்துக்கொண்டேன்: திரையில் ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனி டிரிக்கர் வயர் (எந்தக் கேமராவின் படம் வர வேண்டும் என்று திரைக்குச் சொல்லும் வயர்) இருக்க வேண்டும், டிரிக்கர் போனபின் சில விநாடி படத்தைப் பிடித்துவைக்கும் அமைப்பும் இருக்க வேண்டும். அது ஏன் என்று பின்னால் வரும்.

பெட்டியைப் பிரித்ததும் வண்டியில் ஏறவில்லை. கார் ஷெட் தரையில் எல்லாவற்றையும் பரப்பி, ஒரு 12 வோல்ட் பேட்டரியில் மாட்டி, எல்லாக் கேமராவையும் எல்லாக் கேபிளையும் மாற்றி மாற்றிச் சோதித்தேன். ஒரு கேபிளின் நான்கு முள் கனெக்டரில் ஒரு முள் வளைந்திருந்தது. சுவருக்குள் போனபின் இது தெரிந்திருந்தால் ஒரு நாள் போயிருக்கும்.

அப்புறம் கேபிள். பழைய கேமராவின் கேபிளை இழுகயிறாக வைத்துப் புதியதை இழுத்துவிடலாம் என்பதுதான் முதல் எண்ணம். அதன் நுனியைப் பிடித்து இழுத்தால் அசையவே இல்லை. கூரைக்குள் இன்சுலேஷன் வைக்கும் முன்பே சட்டத்தோடு சேர்த்து அங்கங்கே கட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. பலம் கொடுத்தால் அறுந்துவிடும், கூட ஓடும் வேறு வயரையும் இழுத்துக்கொண்டு வரும். அதை விட்டுவிட்டேன்.

வண்டிக்கு அடியில் சேசிஸ் ஓரமாகக் கொண்டுபோவது அடுத்த வழி. புகைக்குழாய், ஜெனரேட்டர் சூடு, குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு, தெறிக்கும் கல் எல்லாவற்றையும் யோசித்ததும் அதுவும் வேண்டாம் என்று பட்டது. கடைசியில் உள்பக்கமே சரியான வழி என்று தெரிந்தது. ஓட்டுநர் பக்கம், அதாவது இடது பக்கம், சுவரோடு வெளியே தள்ளும் ஸ்லைடு அறை இருக்கிறது, அங்கே கேபிள் போக முடியாது. வலது பக்கம் படுக்கையறை அலமாரியிலிருந்து முன்பக்கம் வரை மேல் அலமாரிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு அலமாரியின் தடுப்புப் பலகையிலும் பின் மேல் மூலையில் முக்கால் அங்குல ஓட்டை போட்டு ரப்பர் வளையம் வைத்தேன். கனெக்டரின் தலை 15 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அதனால் அரை அங்குல ஓட்டையில் நுழையாது. நடுவில் குளியலறை மட்டும் அலமாரி இல்லாத இடம். அங்கே கூரையும் சுவரும் சேரும் மூலையில் வெள்ளைப் பிளாஸ்டிக் கேசிங் பட்டை ஒட்டி, அதற்குள் விட்டேன். பார்த்தால் தயாரிப்பிலேயே வந்த பட்டை மாதிரி இருக்கிறது.

இதற்குப் பெரிதும் கைகொடுத்தவை கண்ணாடியிழைக் கம்பிகள். மூன்று அடித் துண்டுகளாக வரும், ஒன்றோடொன்று திருகி நீட்டிக்கொள்ளலாம், நுனியில் கொக்கி இருக்கும். கேபிளோடு ரிவர்ஸ் விளக்கின் சிக்னலுக்கு 18 கேஜ் வயர் ஒன்றையும், காலியாக ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து இழுத்தேன். கயிறு அப்படியே உள்ளே கிடக்கிறது. எதிர்காலத்தில் இன்னொரு கேபிள் வேண்டுமென்றால் அலமாரிகளைத் திறக்கவே வேண்டாம்.

கேபிளின் நீளத்தை எப்போதும் வண்டி நீளத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. பின்பக்கம் கேமராவிலிருந்து அலமாரிக்குள் வர ஐந்து அடி, நேர் ஓட்டம் 32 அடி, முன் தூண் வழியாகக் கீழே இறங்கித் திரைக்குப் போக எட்டு அடி, வளைவுகளுக்கு மூன்று நான்கு அடி. கிட்டத்தட்ட 49 அடி. 15 மீட்டர் கேபிள் 49 அடிதான், இழுவிசையோடு நிற்கும். 20 மீட்டர் கேபிளைப் போட்டு, மிச்சத்தை முன் அலமாரிக்குள் எட்டு வடிவில் மடித்துக் கட்டினேன். கடைசி முனையில் கேமராவின் மின்னழுத்தத்தையும் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது முன்னால் 14.1 வோல்ட், பின்னால் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது 13.2. கேமராவுக்கு அது தாராளம்.

இனி பக்கக் கேமராக்கள். இந்த வேலையில் நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது ஒன்றே ஒன்றுதான். திரையில் படத்தைப் பார்க்காமல் சுவரில் டிரில்லை வைக்காதீர்கள். திரையைத் தற்காலிகமாக டாஷ்போர்டில் வைத்து, கேபிளை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, பெயின்டர் டேப்பால் கேமராவைச் சுவரில் ஒட்டி, மூன்று இடங்களில் பார்த்தோம்.

கண்ணாடியின் கைக்கு அடியில் முதலில். பார்வை நன்றாக இருந்தது, ஆனால் எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே படம் நடுங்கியது. கண்ணாடியை மடக்கினால் கேமராவும் திரும்பிவிடும். அடுத்து கூரை ஓரத்தில், ஏறக்குறைய பத்து அடி உயரத்தில். மேலிருந்து பார்ப்பதால் சாலைக் கோடுகள் அழகாகத் தெரிந்தன. வலது பக்கம்தான் சிக்கல். அங்கே வெயில் மறைப்புத் துணி சுருட்டிய உருளையும் அதன் கைகளும் சுவரிலிருந்து எட்டு அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கின்றன. படத்தில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது. மூன்றாவது இடம் முன் ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து 66 அங்குலம். "அப்பா, பின் சக்கரம் தெரியுது, கோடும் தெரியுது, பக்கத்துல நிக்கற கார் முழுசாத் தெரியுது" என்று மகன் உள்ளேயிருந்து சொன்னான். அதுதான் இடம்.

கோணத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட அளவு இது: நம் வண்டியின் சுவர் திரையின் ஓரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வரக் கூடாது, பின் சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரிய வேண்டும், தொடுவானம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிற்க வேண்டும். சுவர் கொஞ்சமாவது தெரிவது அவசியம். அது இல்லாவிட்டால் பக்கத்து வண்டி எவ்வளவு நெருக்கம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. டேப்பில் ஒட்டியபடியே வாகன நிறுத்தத்தில் மெதுவாகச் சுற்றிவந்து, வால் வீசுவது திரையில் தெரிகிறதா என்று உறுதிசெய்துகொண்டோம்.

துளை போடும் முன் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே கண்ணாடியிழைத் தோல், அதற்குள் மெல்லிய ஒட்டுப்பலகை, பிறகு நுரை, நடுவே அலுமினியச் சட்டம், உள்ளே மறுபடி பலகை. என் வண்டியில் மொத்தக் கனம் ஒன்றே முக்கால் அங்குலம். இதற்குள் தண்ணீர் புகுந்தால் தோல் பலகையை விட்டுப் பிரிந்து உப்பிக்கொண்டு வரும், அதைச் சரிசெய்வது கேமரா செலவைவிடப் பல மடங்கு. அலுமினியத்தைக் காந்தம் காட்டிக்கொடுக்காது. தட்டிப் பார்த்துச் சத்தம் மாறும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு அங்குலம் தள்ளித் துளையிட்டேன்.

மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் பிட் மாட்டி, டிரில்லை முதலில் தலைகீழ்ச் சுழற்சியில் ஓடவிட்டேன். பளபளப்பான மேல்பூச்சு சிதறாமல் தேய்ந்து வழிவிடும். அதன் பிறகு நேர்ச்சுழற்சி. துளை உள்ளேயிருந்து வெளியே பார்த்துக் கொஞ்சம் கீழே சரிவாக இருக்கட்டும், அப்போது தண்ணீர் உள்நோக்கி வராது. துளையின் உள்விளிம்பில் தெரியும் நுரையையும் பலகையையும் சீலன்டால் பூசி ஒருநாள் காயவிட்டேன். பிறகு கேமராவின் அடித்தட்டுக்குக் கீழே பியூட்டைல் டேப் (மெத்தென்ற, ஒட்டும் ரப்பர் பட்டை), துருப்பிடிக்காத ஸ்டீல் திருகுகள். பியூட்டைலை ஒரேயடியாக இறுக்காமல் முக்கால்வாசி இறுக்கி, மறுநாள் மீதியை இறுக்கினால் அது மெல்லப் பரவி எல்லா இடைவெளியையும் அடைக்கும். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்துவிட்டு, மேல் விளிம்பிலும் இரு பக்கங்களிலும் மட்டும் சீலன்ட் இழுத்தேன். கீழ் விளிம்பைத் திறந்தே விட்டேன், உள்ளே போன ஈரம் வெளியேற அதுதான் வழி.

பின்கேமரா பழைய கேமரா இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. பழைய திருகுத் துளைகளை அடைத்துவிட்டுப் புதியவை போட்டேன். அது கூரையை ஒட்டிய உயரம், அதனால் ஏணியில் நின்று வேலைசெய்ய இன்னொருவர் ஏணியைப் பிடித்தே ஆக வேண்டும். சுவருக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு தொங்கல் விட்டுத்தான் உள்ளே கொடுக்க வேண்டும், வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். பம்பரின் விளிம்பு திரையின் அடியில் ஒரு கோடாகத் தெரியும்படி சாய்த்தேன்.

மின்சாரத்துக்கு வருவோம். மோட்டார்ஹோமில் இரண்டு பேட்டரி அமைப்பு. எஞ்சினுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. ரேடியோவுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் 12 வோல்ட் இருந்ததால் அதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். படத்தில் கிடைக்கோடுகள் ஓடின. சாவியை எடுத்தபின்னும் திரை அணையவில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ரேடியோ வீட்டுப் பேட்டரியில் இருந்தது, வெளியிலிருந்து மின்சாரம் செருகியிருந்ததால் சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தது, அதன் இரைச்சல்தான் படத்தில் கோடாக வந்தது. எஞ்சின் பக்க ஃபியூஸ் பெட்டியில், சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஓர் இடத்தில் ஃபியூஸ் டேப் (ஒட்டும் டேப் அல்ல, ஃபியூஸ் இடத்திலிருந்து கிளை எடுக்கும் செருகி) செருகி 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். எர்த்தையும் அதற்கு அருகிலேயே சேசிஸ் உலோகத்தில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்கினேன். கோடுகள் போய்விட்டன.

டிரிக்கர் வயர்கள்தான் யோசிக்கவைத்தவை. இடது இன்டிகேட்டர் போட்டால் இடது கேமரா பெரிதாக வர வேண்டும். பல அமெரிக்க வண்டிகளில் பின்னால் பிரேக் விளக்கும் இன்டிகேட்டரும் ஒரே பல்பு. அங்கிருந்து வயர் எடுத்தால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பக்கக் கேமரா வந்து நிற்கும். முன் மூலை விளக்கிலிருந்து எடுப்பதுதான் சரி. அங்கேயும் ஒரே பல்பில் இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று பார்க்கிங் விளக்கு, மற்றது இன்டிகேட்டர். டெஸ்ட் லைட்டை வைத்து, பார்க்கிங் விளக்கை அணைத்துவிட்டு, விட்டு விட்டு எரியும் வயரைத் தேர்ந்தெடுத்தேன். வயரை வெட்டாமல், சாலிடர் செய்து வெப்பச் சுருக்குக் குழாய் போட்டுக் கிளை எடுத்தேன். அழுத்திக் கடிக்கும் கிளிப்புகளை வெளிப்புற ஈரம் படும் இடத்தில் நான் பயன்படுத்துவதில்லை, உள்ளே பச்சை பூத்துவிடும்.

இன்டிகேட்டர் விட்டு விட்டு எரிவதால் டிரிக்கரும் விட்டு விட்டுத்தான் போகும். அமைப்பை மாற்றாமல் போட்டபோது திரை பக்கக் கேமராவுக்கும் பின்கேமராவுக்கும் மாறி மாறித் தாவியது. மெனுவில் தாமதத்தை 3 விநாடி வைத்ததும் நிலையாக நின்றது. திரையில் அந்த வசதி இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தாமத ரிலே ஒன்று வாங்க வேண்டும். அபாய விளக்குகளைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிக்னல் வரும், ரிவர்ஸும் சேர்ந்தால் எதற்கு முன்னுரிமை என்பது திரைக்குத் திரை மாறும். அபாய விளக்கு போட்டுக்கொண்டு பின்னால் எடுப்பது நாம் அடிக்கடி செய்வது. எங்கள் திரையில் ரிவர்ஸுக்குத்தான் முதலிடம் என்று சோதித்துத் தெரிந்துகொண்டேன்.

படத்தின் திசையையும் விடாமல் பாருங்கள். பின்னோக்கிப் பார்க்கும் எந்தக் கேமராவுக்கும் கண்ணாடிப் பிம்பம்தான் வேண்டும். இடது கேமராவில் நம் வண்டிச் சுவர் திரையின் வலது ஓரத்தில் வந்தால் சரி. மாறியிருந்தால் மெனுவில் அந்தக் கேமராவுக்கு மட்டும் திருப்பிவிடலாம்.

பகலில் எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்தோம். முதல் இரவு ஓட்டத்தில் பக்கப் படங்கள் இரண்டும் வெள்ளை மூட்டமாக இருந்தன. கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எங்கள் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வருகின்றன. கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பக் கண்ணைச் சுருக்கிக்கொள்ள, சாலை இருட்டாகிவிடுகிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வளையமாக வெட்டி விளக்குகளை மட்டும் மறைத்தேன். வெளிச்சத்தை உணரும் சிறிய கண் ஒன்று அதே வளையத்தில் இருக்கும், அதை மறைத்தால் பகலிலும் கேமரா இரவு என்று நினைத்துக் கறுப்பு வெள்ளையிலேயே நிற்கும். மறைத்தபின், வண்டியின் ஓர விளக்குகளும் பக்கத்து வண்டியின் முகப்பு விளக்கும் தரும் வெளிச்சமே போதுமாக இருந்தது. பின்கேமராவில் இந்தத் தொல்லை இல்லை, அதன் விளக்குகளை அப்படியே விட்டுவிட்டேன். திரையின் வெளிச்சத்தையும் இரவுக்குக் குறைத்தே ஆக வேண்டும். 10 அங்குலத் திரை முன் கண்ணாடியில் பிரதிபலித்தது, அதனால் டாஷ்போர்டின் விளிம்புக்குக் கீழே இறக்கி மாட்டினேன்.

அகலக் கோணக் கேமரா எல்லாவற்றையும் தூரமாகக் காட்டும். திரையோடு வந்த வண்ணக் கோடுகள் எங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை, அணைத்துவிட்டேன். பம்பரிலிருந்து 3, 6, 10 அடியில் ஆரஞ்சுக் கூம்புகள் வைத்து, அவை தெரியும் உயரத்தில் திரையின் ஓரச் சட்டத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை டேப் துணுக்குகளை ஒட்டினேன். என் மனைவி பின்னால் எடுக்கும்போது அந்தத் துணுக்குகளைத்தான் பார்க்கிறாள்.

செட்டைத் தவிர மற்ற செலவு: பியூட்டைல் டேப்பும் சீலன்டும் 24 டாலர், கம்பிகள் 22, ஸ்டெப் பிட் 18, வயர், ஃபியூஸ் டேப், சுருக்குக் குழாய், கேசிங் பட்டை எல்லாம் சேர்த்து 37. மொத்தம் 390 டாலர்.

ஓட்டுவதில் பெரிய மாற்றம் பின்கேமராவால் வரவில்லை, பக்கக் கேமராக்களால் வந்தது. பின்னால் எடுப்பது நாளுக்கு ஒருமுறை, அப்போது இறங்கி நின்று வழிகாட்ட ஆள் இருக்கிறது. பாதை மாறுவதும் திரும்புவதும் நாள் முழுக்க. கண்ணாடியில் தெரியாமல் கதவுக்குக் கீழே ஒட்டி வரும் சின்னக் கார்கள் இப்போது தெரிகின்றன. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பக்கத்துக்கு முதலில் போடச் சொல்வேன்.

அடுத்த முறை செய்தால் பக்கக் கேமராக்களின் கனெக்டர்களைச் சுவருக்குள் விடாமல், டாஷ்போர்டுக்கு அடியில் கை போகிற இடத்தில் வைப்பேன். இப்போது வலது பக்கக் கேமராவை மாற்ற வேண்டுமென்றால் உள் பலகையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. கேமராவின் குட்டை வாலோடு முன்கூட்டியே ஒரு மீட்டர் நீட்டிப்பு மாட்டியிருந்தால் போதும். ரிவர்ஸ் வயருக்குப் பதில் நான்கு இழை வயர் ஒன்றை இழுத்திருப்பேன், விலை வித்தியாசம் பத்து டாலர்தான்.

மீதியிருக்கும் நான்காவது கேமராவைப் பம்பருக்கு மேலே, நேராகக் கீழே கொக்கியைப் பார்க்கும்படி மாட்டப்போகிறேன். காரை இழுத்துச் செல்லும் கம்பியை மாட்டும்போது அது உதவும். கயிறு உள்ளே கிடக்கிறது, கேபிளும் வாங்கியாயிற்று. பனி உருகியதும் அந்த வேலை.